ஞானஸ்நானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும்

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் ஒரு மீனவக் குடும்பம் தன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மீனவர் என்ற பதிவிலேயே மதம் மாறியவர்களும் அடக்கம். அந்தக் குழந்தை மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தாலும் மாதாவைக் கும்பிட்டு வளர்ந்தாலும் அதன் இடஒதுக்கீடு போகாது. அது நியாயம். கடலும் வறுமையும் மதம் பார்ப்பதில்லை.

இதே வடசென்னையில் ஒரு பறையர் குடும்பம் அதே கோயிலில், அதே போதகர் கையால் தன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறது. அந்தக் குழந்தை பட்டியல் சாதியிலிருந்து வெளியேற்றப்படுகிறது. ஊற்றிய தண்ணீர் ஒன்றுதான். சட்டம்தான் இரண்டு.

தோழர்களே, பிள்ளையை எந்த நம்பிக்கையில் வளர்ப்பது என்பது பெற்றோரின் உரிமை என்கிறோம். தலித் கிறித்தவக் குடும்பத்தில் அந்த உரிமைக்கு ஒரு விலை இருக்கிறது. நம் தெருக்களில் எத்தனை வீடுகளில் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்! ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பெயர், அரசுப் பள்ளி வருகைப்பதிவேட்டில் இன்னொரு பெயர். இரவில் குடும்ப ஜெபம் முடிந்ததும், "யாராவது கேட்டா இந்துன்னு சொல்லு, என்ன?" என்று அம்மா சொல்லித் தருகிறார். பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்ற கட்டளையை மனப்பாடம் செய்த அதே பிள்ளைக்கு அதே வீட்டில் நடக்கும் இரண்டாவது பாடம் இது. குற்றவாளி அந்தத் தாய் அல்ல. அவரை அப்படிப் பேச வைத்தது எது என்பதுதான் கேள்வி.

அந்த வரலாறு வெள்ளைக்காரன் காலத்திலேயே தொடங்குகிறது. 1936இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட பட்டியல் சாதியினர் ஆணையே இந்தியக் கிறித்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. சுதந்திர இந்தியா அதைத் திருத்தவில்லை. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்கள் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அண்ணல் அம்பேத்கரோடு லட்சக்கணக்கானோர் பௌத்தம் ஏற்றார்கள். அவர்களுக்கு உரிமை வர 1990 வரை, 34 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. சீக்கியமும் பௌத்தமும் சாதியை ஏற்கவில்லை. ஆனாலும் மதம் மாறியவரைச் சாதி விடவில்லை என்று அரசு அங்கே ஒப்புக்கொண்டது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் மட்டும் கதவு மூடியே இருக்கிறது.

அந்தக் கதவை முதலில் தட்டியவர்களில் ஒருவர் நம் சென்னையின் சாலையோரச் செருப்புத் தொழிலாளி சூசை. பட்டியல் சாதியைச் சேர்ந்த சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை தர 1982இல் அரசு ஆணையிட்டது. ஆதிதிராவிடராகப் பிறந்த சூசைக்கு அது மறுக்கப்பட்டது. காரணம், அவர் கிறித்தவர். தொழில் அதேதான், உட்கார்ந்த நடைபாதையும் அதேதான். உச்சநீதிமன்றம் போனார். மதம் மாறிய பின்னும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் அவர் மனு தள்ளுபடியானது.

ஆதாரமா இல்லை? 1833இல் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, நம்மோடு சேர்ந்து உட்கார மறுத்து, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறித்தவர் பலர் கோயிலை விட்டே வெளியேறினார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் நம்மைப் பிரிக்க ஒரு சுவர் எழுப்பப்பட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. சபையும் நமக்கு நீதி செய்யவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அரசு கேட்ட ஆதாரமே அதுதான்.

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். தாத்தா காலத்தில் கிறித்தவரான குடும்பத்தில் பிறந்த ஒருவர் இந்து மதத்துக்குத் திரும்பினால், சாதியினர் அவரை ஏற்றுக்கொண்டால், பட்டியல் சாதி நிலை மீண்டும் கிடைக்கும் என்று 2015இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அப்படியானால் இத்தனை தலைமுறையும் சாதி எங்கே போயிருந்தது? எங்கேயும் போகவில்லை. உரிமை மட்டும்தான் போயிருந்தது.

2024 நவம்பரில் வந்த தீர்ப்பு இதைப் பிள்ளை வளர்ப்பு வரைக்கும் கொண்டுவந்துவிட்டது. புதுச்சேரியில் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண், வளர்ந்த பிறகு அரசு எழுத்தர் வேலைக்காகத் தான் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். அவருடைய ஞானஸ்நானப் பதிவும், அவர் தவறாமல் கோயிலுக்குப் போவதும் அவருக்கு எதிராக நின்றன. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்றது நீதிமன்றம். தாய்மார் பிள்ளைகளின் காதில் சொல்லி வைத்த அந்தப் பொய்க்கு இப்போது சட்டம் வைத்திருக்கும் பெயர் மோசடி. அந்தப் பொய்யைத் தேவையாக்கிய மூன்றாம் பத்திக்கு என்ன பெயர்?

தமிழ்நாடும் இரண்டு மனதோடுதான் இருக்கிறது. கல்வி உதவித்தொகைப் படிவத்தில் மதம் மாறிய ஆதிதிராவிடர் என்று நம்மை அடையாளம் காண்கிறது. வேலை என்று வந்தால், எத்தனை தலைமுறைக்கு முன் மாறியிருந்தாலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிறுத்துகிறது. அந்தப் பிள்ளையைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வராது. திட்டுகிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா திட்டுகிறான்?

இவர்களையும் சேர்த்தால் நம் 18 விழுக்காட்டில் பங்கு குறையுமே என்று நம் தோழர்களே சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை ஏளனம் செய்ய மாட்டோம். சேர்க்கிற மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீட்டை உயர்த்து என்று சேர்ந்து கேட்பதுதான் அதற்கு விடை. மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தது. 2023 ஏப்ரல் 19இல் தமிழ்நாடு சட்டமன்றமும் தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

இளைஞர்களே, உங்கள் வகுப்பில், உங்கள் அமைப்பில் இரண்டு பெயரோடு ஒரு தோழர் இருப்பார். அவரிடம் எது உண்மைப் பெயர் என்று கேட்காதீர்கள். 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை எடுத்துப் படியுங்கள், படிப்பு வட்டத்தில் விவாதியுங்கள், அதை நீக்கச் சொல்லும் போராட்டத்தில் சேர்ந்து நில்லுங்கள். ஒரு தாய் தன் பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கட்டும், கொடுக்காமலும் இருக்கட்டும். பொய் சொல்லிக் கொடுக்க வேண்டிய நிலை மட்டும் எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.