பெரிய கோயிலில் மோதிய தொலைநோக்கி

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1010ஆம் ஆண்டோடு நின்றுவிடுவர். சற்று முனைந்தோர் நாயக்கர், மராட்டியர் திருப்பணிகள் வரை வருவர். 1808இல் அக்கோயிற் சுவரில் ஓர் ஆங்கிலக் கருவி மோதி நசுங்கிய கதையை நினைப்போர் அரியர். நமக்கும் அது அண்மையில்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் ஒரு துப்பாக்கியைப் பார்த்தபோது.

நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது துப்பாக்கி சுடும் கழகமொன்றில் பயிற்சி பெறுகிறார். தம் துப்பாக்கியின்மேல் தொலைநோக்கியைப் பொருத்தும் முறையை ஒருநாள் காட்டினார். அரைமணி நேரம் கண்ணாடியைத் தொடவேயில்லை. குழலின் பின்பகுதிமேல் அமரும் எஃகுப் பட்டையின் திருகாணித் துளைகளை ஸ்பிரிட்டால் எண்ணெய் போகத் துடைத்தார். பட்டையை இறுக்கினார். அதன்மேல் இரு வளையங்களை வைத்து, முன்விளிம்பில் நன்கு அழுந்துமாறு தள்ளி முடுக்கினார். அதன் பின்னரே தொலைநோக்கியைக் கிடத்தி, கண்ணுக்கும் ஆடிக்குமான தூரத்தையும் குறுக்குக் கம்பியின் நிமிர்வையும் சரிபார்த்தார். வளையங்களின் மேல்மூடித் திருகாணிகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக, இருபுறமும் இடைவெளி ஒத்திருக்க, விசையை அளந்து காட்டும் திருகுக்கோலால் இறுக்கினார்.

இத்தனை பக்குவம் எதற்கு என்றோம். வளையங்களுக்கிடையே பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு முனை ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு நகர்ந்தால் நூறு மீட்டர் தொலைவில் குறி பத்து சென்டிமீட்டர் தப்பும் என்றார். வேட்டைத் துப்பாக்கிகளில் தொல்லை இன்னும் பெரிது. வெடிக்கும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும்; மேலே இருக்கும் தொலைநோக்கி இருந்த இடத்திலேயே நிற்க முயலும். பிடி தளர்ந்திருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் அது வளையத்துள் மயிரிழையளவு முன்னே வழுக்கும். வளையத்தை முன்விளிம்பில் அழுத்தி வைத்தது அதற்காகத்தான். வேட்டை நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஏறக்குறைய முடிந்துபோன கதை. ஆனால் துப்பாக்கிமேல் தொலைநோக்கி ஏறிய வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு. கம்பெனியின் பம்பாய்ப் படையில் பணியாற்றிய டேவிட்சன் என்னும் அதிகாரி வடிவமைத்த தொலைநோக்கியே அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) விட்வொர்த் துப்பாக்கிகளின் இடப்பக்கத்தில் பொருத்தப்பட்டது.

மாணவர் திருகாணியை இறுக்கிக்கொண்டிருக்கையில் நம் மனம் 1808க்குப் போயிற்று.

வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலையருகே அடிக்கோட்டை அளந்து தென்னிந்திய நில அளவையைத் தொடங்கினார். அவருடைய பெருங்கருவியான தியோடலைட், லண்டனில் கேரி என்பார் செய்தது. மூன்றடி விட்டமுள்ள படுக்கை வட்டம், அதன்மேல் தொலைநோக்கி, எடை ஏறத்தாழ அரை டன். கடல்வழியிலேயே பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுபோய், பின் பெருந்தன்மையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்த கருவி அது. எதிரியிடம் தப்பியது காவிரிக்கரையில் அடிபட்டது.

காரணம் நம் ஊரின் நில அமைப்பு. அளப்பவனுக்குக் குன்று வேண்டும், சோழநாட்டில் குன்றேது? நெல்வயல் சமதளம், எங்கு திரும்பினாலும் தென்னையும் பனையும். ஒரு நிலையத்திலிருந்து மறு நிலையம் தெரிய வேண்டுமானால் மரத்தலைக்கு மேலே ஏறியாக வேண்டும். ஆகவே கோபுரங்களே லாம்டனுக்குக் குன்றுகளாயின. தஞ்சையில் இராசராசன் எழுப்பிய விமானத்தைவிட உயரமான இடம் வேறில்லை.

கப்பியும் கயிறும் கட்டிக் கருவியை மேலேற்றினர். பக்கவாட்டில் இழுத்துப் பிடித்த கயிறொன்று அற்றது. கருவி ஊசலாடிச் சுவரில் மோதியது. அடி விழுந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்: வட்டத்தை நுண்ணிதாக நகர்த்தும் திருகும், அதை இறுகப் பற்றியிருந்த பிடியும். அந்தப் பிடி வழியாக அதிர்ச்சி முழுதும் வட்டத்துக்குப் பாய்ந்து அதைக் கோணலாக்கியது. ஒரு விகலைக் கோணம் அவ்வட்டத்தின் விளிம்பில் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்றே மேல். முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் அதுவே பதினான்கு சென்டிமீட்டருக்கும் மேலாகப் பெருகும். கண்ணுக்கே தெரியும்படி நெளிந்த வட்டத்தை வைத்துக்கொண்டு என்ன அளப்பது?

லாம்டன் திருச்சிராப்பள்ளியின் ராணுவத் தளவாடப் பட்டறைக்குப் போனார். ஒரு கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். தலைமைக் கைவினைஞரைத் தவிர எவருக்கும் உள்ளே இடமில்லை. கருவியை முழுவதும் பிரித்தார். பெரிய சமப்பலகை ஒன்றில் பழைய அளவிலேயே வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு நெளிந்த விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அவ்வட்டத்தோடு பொருந்தச் செய்தனர். வளைந்த ஆரக்கால்களைச் சிறிய மரச் சுத்திகளால், நம் தச்சர் கொட்டாப்புளி பிடிப்பது போலத் தட்டி நிமிர்த்தனர். ஆறு வாரம் ஆயிற்று. வட்டம் ஏறக்குறையப் பழைய வடிவுக்கு வந்தது.

இதை எழுதிவைத்தவர் எவரெஸ்ட். அவர் 1818இல்தான் லாம்டனிடம் சேர்ந்தார். ஆகவே இது கேட்டெழுதியது. எவரேனும் கைவிட்டிருப்பார், லாம்டன் கைவிடவில்லை என்னும் வியப்பு அவர் எழுத்தில் உண்டு. வியப்பு நியாயமானதே. ஆனால் அந்தக் கூடாரத்தில் ஆப்படித்தவர் யார், சுத்தி பிடித்தவர் யார்? எவரெஸ்ட் பெயர் சொல்லவில்லை. இமயம் வரை நீண்ட அளவையின் முதற்பகுதி அவர்கள் கையால் நிமிர்ந்த வட்டத்தின்மேல் நின்றது. திருப்பணி செய்த தச்சரின் பெயரையும் கல்லில் வெட்டிய கோயில் இது. பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் இன்றும் அங்கே படிக்கக் கிடைக்கிறது.

எவரெஸ்ட் தலைமை ஏற்றபின் இக்கருவியைப் புதுப்பிக்கும் பணி ஹென்றி பாரோ என்னும் ஆங்கிலேயரிடம் போயிற்று. அவருக்குப் பின், 1840களில், அளவைத் துறையின் கருவிசெய்வோர் பதவிக்கு ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் உசேன் வந்தார். சென்னையில் நகைக்கடையொன்றில் வேலை செய்துவந்தவர். இம்முறை எவரெஸ்ட் பெயரைக் குறித்துவைத்தார்.