பாரமும் ஒரு வரமே

திருவெள்ளறையில், பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துச் சுவத்திகக் கிணறு இன்றும் உள்ளது. அதன் படிகளில் இறங்கி ஏறினால் நமக்கு மூச்சு வாங்கும், கால் கடுக்கும். மண்ணின் ஈர்ப்பு நம்மேல் சுமத்தும் பாரம் அது. அப்பாரமே இல்லாதிருந்தால் என்னவாகும்?

இவ்வினாவுக்கு விடை தேடியோருள் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு. விமானப்படை அதிகாரி ராகேஷ் சர்மா, 1984 ஏப்ரல் 3ஆம் நாள், மாலிஷெவ், ஸ்திரெகாலவ் என்னும் சோவியத்து வீரர் இருவருடன் விண்ணேகி, மறுநாள் சல்யூத்-7 விண்வெளி நிலையத்தை அடைந்தார். ஏற்கெனவே அங்கு மூவர் தங்கியிருந்தனர். இந்திய நிலப்பரப்பை நிழற்படம் எடுப்பது, எடையற்ற நிலையில் உலோகத்தை உருக்கி ஆராய்வது ஆகியவை அவருடைய பணிகள். உணவில் மைசூரில் ஆக்கப்பட்ட நம் நாட்டுப் பண்டங்களும் இருந்தன.

அவர் உடலும் ஆய்வுப்பொருளாயிற்று. எடையற்ற நிலையில் குருதி தலைப்புறம் ஏறி முகம் உப்பும். நாளடைவில் தசை மெலியும். எலும்பு சுண்ணச்சத்தை இழக்கும். இதற்கு யோகப் பயிற்சி உதவுமா என அவர் சோதித்தார். மிதக்கும் உடலைப் பட்டைகளால் பிணித்தே பயில வேண்டியிருந்தது. ஏப்ரல் 11ஆம் நாள் அவர் மண்ணுக்குத் திரும்பினார். அங்கிருந்த இதய மருத்துவர் அத்கோவோ 237 நாள்கள் தங்கித் தோழரின் உடல்நிலையை ஆராய்ந்தார்.

நெடுநாள் விண்ணில் தங்கி மீள்வோர், தம் காலில் உறுதியாய் நிற்கவே மீண்டும் பழக வேண்டியிருக்கிறது. நம்மை வருத்தும் பாரமே நம்மை நிமிர்ந்து நிற்கவும் செய்கிறது என்பதை, அதனை இழந்து பார்த்தவர்களே நமக்கு உணர்த்தினர்.