சதாசிவம் வழக்கு: கொலைக்கதை கேட்கும் நாங்கள்

இரவு படுக்கப் போகும்போது காதில் ஒரு கொலைக்கதையை ஓடவிடுகிற பழக்கம் எங்களில் கனபேருக்கு இருக்கு. ஆர் செய்தது எண்டு தெரியாமல் நித்திரை வராது. இந்தப் பைத்தியம் எங்களோடு தொடங்கியதில்லை. எங்கட தாத்தா, பாட்டிமாரைக் கேட்டால் சதாசிவம் வழக்கைப் பற்றிச் சொல்லுவினம்.

மகாதேவ சதாசிவம் இலங்கை கிரிக்கெட் அணியின் தலைவர். 1947 இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்தவர். 1951 ஒக்டோபர் 9 ஆம் திகதி, பம்பலப்பிட்டி வீட்டின் கராஜில் அவருடைய மனைவி சடலமாகக் கிடந்தார். சதாசிவம் கைதானார். வீட்டில் வேலைக்கு நின்ற இளைஞர், ஐயாதான் கொன்றவர், நான் உதவி மட்டுமே செய்தேன் எண்டு சொல்லி, மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானார்.

ஊருக்குக் கதை முடிஞ்சுது. புகழ், குடும்பத் தகராறு, விவாகரத்து வழக்கு எல்லாம் அதில் இருந்தது. வேற என்ன வேணும்?

ஆனால் இலங்கைப் பல்கலைக்கழகச் சட்டமருத்துவப் பேராசிரியர் டி சேரம் உடல் குளிர்ந்த வேகத்தைக் கணக்கிட்டார். காலை 10.30 மணியளவில் சதாசிவம் வாடகைக் காரில் வெளியேறிய பிறகே மரணம் நிகழ்ந்தது என்பது அவர் முடிவு. கொலை படுக்கையறையில் நடந்ததாகச் சாட்சி சொன்னார்; இறந்தவரின் உள்ளங்காலில் ஒட்டியிருந்த அழுக்கோ குசினியைக் காட்டியது. எடின்பரோவிலிருந்து வந்த சேர் சிட்னி சிமித்தும் எதிர்த்தரப்புக்காகச் சாட்சியமளித்தார். கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். 57 நாள் விசாரணைக்குப் பிறகு, 1953 யூனில் யூரிமார் ஒருமனதாக விடுதலை செய்தனர். அதற்குள் சதாசிவம் ஏறத்தாழ 20 மாதங்களை றிமாண்டில் கழித்துவிட்டார்.

உண்மைக் குற்றக்கதை எழுதுகிறவர் கற்கவேண்டிய பாடம் இதில இருக்கு. பொருத்தமான கதை எல்லாம் உண்மையான கதை இல்லை. ஒரு வெப்பமானியும் காலில் ஒட்டின அழுக்கும் ஊர் வாயை விட நேர்மையாகப் பேசலாம். சலிப்பூட்டும் அந்தச் சின்ன விபரங்களை விடாமல் பிடிச்சு எழுதுறதுதான் இந்த எழுத்தின் உழைப்பு.

இன்னொன்றும் இருக்கு. இவ்வளவும் வாசித்த பிறகு எங்களுக்கு நினைவில் நிற்பவர்கள் ஆர்? துடுப்பாட்டக்காரர், வழக்கறிஞர், பேராசிரியர்கள். வழக்கின் பெயர்கூட குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயர்தான். செத்துப்போனவர் ஒரு சடலமாக, ஒரு தடயமாக மட்டும் வந்து போறார். நாங்களும் மேலே அப்பிடித்தான் எழுதினோம்.

ஆனால் அவர் நான்கு பெண்பிள்ளைகளின் தாய். தன் திருமணத்தை முடித்துக்கொள்ள 1951 இல் தானாக நீதிமன்றம் போன ஒரு பெண். அந்தக் காலத்தில் அது லேசான காரியமில்லை. கொலைக்கு வேறொருவரும் தண்டிக்கப்படவில்லை. ஆர் செய்தது எண்ட கேள்வி இனித் தீராமலே போகலாம். இழந்தது ஆரை எண்ட கேள்விக்காவது நாங்கள் பதில் எழுதலாம். அடுத்த முறை இந்தக் கதையைச் சொல்லேக்க கராஜிலிருந்து தொடங்காமல், அவர் விவாகரத்துக் கேட்டுப் போன நாளிலிருந்து தொடங்குவோம்.