மூட்டு வைத்தியரும் ஈர நிலத்துப் பூவும்

கடந்த வாரம் நாங்கள் மூன்று பேர், சிறுவயதில் எங்களுக்குப் படிப்பித்த அதிபர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தோம். ஓய்வுபெற்று இரண்டு வருடம். வலது கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கியிருந்தது. காலைக் கதிரை மேல் நீட்டி வைத்திருந்தார். யூரிக் அசிட் கூடினால் வரும் ‘கௌட்’ நோய்.

"பென்சனும் வந்திட்டு, காலும் போயிட்டு. இனி என்ன மகன் செய்யக் கிடக்கு?" என்றார்.

மேசையில் இருந்த மாத்திரையின் பெயரைப் பார்த்தோம். கொல்சிசின். அந்த மாத்திரைக்கும் ஒரு பூந்தோட்டத்துக்கும் இடையில் ஒரு வரலாறு இருக்கிறது. அன்று சேருக்குச் சொன்னதை இங்கும் எழுதி வைக்கிறோம்.

கொல்சிசின் என்பது கொல்சிக்கம் என்ற செடியின் நிலத்தடித் தண்டிலும் விதையிலும் உள்ள பொருள். அது நஞ்சு என்று கிரேக்க வைத்தியர் டியொஸ்கொரிடஸ் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதினார். அதே இனச் செடியைத்தான் யூனானி வைத்தியம் ‘சூரஞ்சான்’ என்கிறது. எமது ஹகீம்மார் மூட்டுவலிக்குச் சொல்லும் அதே சூரஞ்சான். இப்னு சீனாவும் தமது ‘அல்-கானூன்’ நூலில் மூட்டு நோய்களுக்கு இதனைக் குறிப்பிட்டார். 1820ஆம் ஆண்டு பெல்லெட்டியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு இரசாயனவியலாளர்கள் இதன் சாரத்தைப் பிரித்தெடுத்தனர். (மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான அளவு இதில் மிகக் குறுகியது. மருந்துச் சரக்குக் கடையில் வாங்கித் தாமாக இடித்துக் குடிக்க வேண்டாம். இதை ஆசிரியராக அல்ல, அக்கம்பக்கத்தவராகச் சொல்கிறோம்.)

இந்த மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது? தரம் 11 பிள்ளைகளுக்கே விளங்கும். ஒரு கலம் இரண்டாகப் பிரியுமுன் தன் நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கும். பின்னர் நுண்ணிய இழைகள் அவற்றை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும். கொல்சிசின் அந்த இழைகளை உருவாகவிடாது. மனித உடலிலும் வெண்குருதிக் கலங்கள் வீங்கிய மூட்டை நோக்கி விரைவதை இதே வழியில் தடுப்பதால் வீக்கம் தணிகிறது. 1937இல் பிளேக்ஸ்லீ, அவேரி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத் தாவரங்களில் பயன்படுத்திக் காட்டினார்கள். இழுத்துப் பிரிக்க இழை இல்லாததால் இரட்டித்த நிறமூர்த்தங்கள் முழுவதும் ஒரே கலத்தில் தங்கிவிட்டன. அப்படி உருவாகும் செடி பல வேளைகளில் பருத்த தண்டும் பெரிய பூவும் தரும்.

அதே 1937இல் நியூயோர்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு 35 வயதில் பீடாதிபதியானார் ஒரு வைத்தியர். பெயர் கரியர் மெக்யூவன். மூட்டு நோய்களே அவரது துறை. 1955 வரை அந்தப் பதவியில் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு ஒரு பூ மேல் விருப்பம் வந்தது. சைபீரிய ஐரிஸ்.

பெயரில் சைபீரியா இருந்தாலும், 1753இல் லின்னேயஸ் பெயர் வைத்த இந்தச் செடி மத்திய ஐரோப்பாவின் ஈரப் புல்வெளிகளிலும் காடாக வளர்வது. இலை நெல்லின் தாள் போல ஒடுங்கி நிமிர்ந்து நிற்கும். பூ பெரும்பாலும் நீலம் அல்லது ஊதா. இதற்கு வேண்டியது ஈரமான, சற்று அமிலத் தன்மையுள்ள மண், நல்ல வெயில். ஈரம் என்பதற்காகக் குளிர்காலம் முழுவதும் வேரைத் தண்ணீரில் ஊற விடவும் கூடாது. புதிதாக நட்ட முதல் வருடம் மண் காயவே கூடாது. பலரின் செடி அந்த வருடத்தில்தான் சாகிறது. வேர் பிடித்துவிட்டால் பல வருடம் ஒரே இடத்தில் பற்றையாகப் பெருகும். நடுப்பகுதி வெறுமையாகும்போது கிளறி எடுத்து, பிரித்து நட வேண்டும். குளிர்காலத்தில் இலை கருகி மண்ணுக்குள் உறங்கி எழுவது இதன் இயல்பு. அதனால் எமது வெக்கையில் இது நிலைக்காது.

மெக்யூவன் இதை வளர்த்தது அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், கடலோரமான தென் ஹார்ப்ஸ்வெல் என்ற ஊரில். அவர் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். காய் முற்றியதும் விதை எடுக்க வேண்டும். விதை ஒரு குளிரைக் கண்டுதான் முளைக்கும். முதற் பூவைப் பார்க்க மேலும் இரண்டு மூன்று வருடம். பூத்த பின்னரும் பெரும்பாலானவற்றைப் பிடுங்கி எறிய வேண்டும்.

மூட்டு வைத்தியர்கள் நன்கறிந்த அந்த மருந்து இங்கேதான் வருகிறது. இப்போதுதான் முளைத்த நாற்றுகளைக் கொல்சிசின் கரைசலில் ஊறவைத்தார். நிறைய நாற்றுகள் செத்தன. பிழைத்தவற்றில் 28 நிறமூர்த்தங்கள் 56 ஆன செடிகள் சில கிடைத்தன. அவற்றைத் தங்களுக்குள் கலந்து, 1970 அளவில் அமெரிக்காவின் முதல் நான்மடிய சைபீரிய ஐரிஸ் வகைகளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்றுக்குத் தன் பெயரை வைக்கவில்லை. ஓர்வில் ஃபே என்ற இன்னொரு பூச்செடி வளர்ப்பாளரின் பெயரை வைத்தார்.

அவரது மிகப் புகழ்பெற்ற பூவோ கொல்சிசின் இல்லாமல், பொறுமையால் மட்டும் வந்தது. அதுவரை சைபீரிய ஐரிஸில் மஞ்சள் என்று வந்தவை, விரிந்து கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடும். 1977இல் அவர் வெளியிட்ட ‘பட்டர் அன்ட் சுகர்’ பூவின் மேலிதழ் வெள்ளை, கீழிதழ் மஞ்சள். அந்த மஞ்சள் வெளுக்கவில்லை. அப்போது அவருக்கு 75 வயது. சைபீரிய ஐரிஸ் பற்றிய அவரது பெரிய நூல் 1996இல் வந்தபோது வயது 94. 2003இல் 101 வயதில் இறந்தார்.

பெரிய பதவியில் இருந்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு அந்தப் பதவியை நினைத்தே வாழ்வதை எமது ஊர்களில் நிறையப் பார்க்கிறோம். அது அவர்களின் பிழை மட்டுமல்ல. மாலை போட்டு, படம் எடுத்து, பிரியாவிடை வைத்து அனுப்பிய பின்னர் நாம்தான் அவர்களிடம் ஒன்றுமே கேட்பதில்லை. முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவரிடம் நம் பிள்ளைக்கு ஒரு கணக்கைக்கூடக் கேட்க மறந்துவிடுகிறோம். மெக்யூவனின் முதல் அறிவு அவரோடு ஓய்வு பெறவில்லை. வைத்தியசாலையில் அறிந்த மருந்து தோட்டத்தில் வேறொரு வேலை செய்தது.

சேர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த மனிசன் எத்தினை வயசில தொடங்கினவர்?"

"அம்பது தாண்டி, சேர்."

சேருக்கு 62. விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். பிறகு யன்னலால் கிணற்றடியைக் காட்டினார். தண்ணீர் ஊற்றி ஊற்றி எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும் இடம்.

"அந்தப் பூ இங்க வராது. வல்லாரை வரும். கால் சுகமானதும் பார்ப்பம்" என்றார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு சேர், ஒரு டீச்சர் இருப்பார். இந்தக் கிழமை ஒரு தடவை போய், அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.