பூசலார் ஊரும் பெருந்தமனியும்

திருநின்றவூர் என்றதும் சைவ இலக்கியம் பயின்றோர்க்குப் பூசலார் நினைவுக்கு வருவார். பொருளின்றி மனத்துக்குள்ளேயே ஆலயம் எழுப்பியவர் அவர். அவர் குடமுழுக்குக் குறித்த நாளையே காடவர்கோனும் தன் காஞ்சிக் கற்றளிக்குக் குறிக்க, இறைவன் மன்னன் கனவில் தோன்றி நாளை மாற்றச் சொன்னதாகச் சேக்கிழார் பாடுகிறார். அம்மன்னன் இராசசிம்ம பல்லவன் என்பர் ஆய்வாளர். இவ்வூர் இருதயாலீசுவரர் கோயிலில் இன்று இதய நோயாளர் பலர் வேண்டிக்கொள்கின்றனர்.

இதே இருப்புப்பாதையில் சென்னை நோக்கிச் சென்றால் பெரம்பூர். அங்குள்ள ரயில்வே மருத்துவமனையில்தான் 1975இல் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையை மருத்துவர் கே. எம். செரியன் செய்தார். 2025 ஜனவரியில் மறைந்த அவர் காலத்திலேயே, முதியோர்க்கு இதய அறுவை என்பது அரிய செய்தியாக இல்லாமல் போயிற்று.

ஆயினும் ஓரிடம் இன்றும் எளிதில் வசப்படுவதில்லை. இதயத்திலிருந்து மேலெழும் பெருந்தமனியே அது. முதுமையும் இரத்த அழுத்தமும் அதன் சுவரைத் தளர்த்த, வலியேதுமின்றிக் குழாய் விரியும். விட்டம் 5.5 செ.மீ. அளவை எட்டினால் பெரும்பாலும் அறுவையைப் பரிந்துரைப்பர். உட்சுவர் கிழிந்துவிட்டாலோ காத்திருக்க நேரமில்லை.

1953இல் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு வெற்றி கண்டார். 1956இல் கூலியும் டிபேக்கியும் அதன் துணையால் இப்பகுதியை வெட்டி மாற்றினர். 1968இல் பென்டால், வால்வையும் குழாயையும் சேர்த்தே மாற்றும் முறையை வெளியிட்டார். இவற்றுக்கெல்லாம் மார்பை அகலத் திறக்கவேண்டியிருந்தது. 1990களிலிருந்து மார்பெலும்பின் மேற்பாதியை மட்டும் திறக்கும் முறை பரவியது. காயம் சிறிது, மூச்சுவிடுவது எளிது. ஆனால் இயந்திரமும் இதயத்தை நிறுத்துவதும் முன்போலவே தேவை. சிறு காயம் என்பதால் சிறு அறுவை ஆகிவிடாது.

மார்பைத் திறவாமலே தொடைத் தமனி வழி உறைகுழாய் செலுத்தும் முறையை 1990இல் அர்ஜென்டினாவில் பரோடி வயிற்றுத் தமனியில் கையாண்டார். ஏறு பெருந்தமனியில் அது கடினம். கீழே இதயத்துக்கே உணவளிக்கும் தமனிகள், மேலே மூளைக்குச் செல்லும் கிளைகள். இடையிலோ சில அங்குலமே, அதுவும் ஒவ்வொரு துடிப்புக்கும் அசைவது. எனவே அறுவையைத் தாங்காத முதியோர்க்கே அங்கு இதனை முயல்கின்றனர்.

‘இந்த வயதில் கத்தி தேவையா?’ என்று நம் வீடுகளில் கேட்பதுண்டு. இக்கேள்வி டிபேக்கிக்கே வந்தது. 2005 டிசம்பர் 31 அன்று, 97ஆம் வயதில் அவரது பெருந்தமனி கிழிந்தது. முதலில் அறுவையை மறுத்தார். நினைவிழந்தபின், மனைவியின் வற்புறுத்தலால் 2006 பிப்ரவரியில் அறுவை நடந்தது. பல மாதம் மருத்துவமனையில் கிடந்து மீண்டார். 2008 ஜூலையில், நூறை எட்ட இரு மாதமே இருக்கையில், மறைந்தார். உலகின் சிறந்த மருத்துவம் அருகிலிருந்தவர் அவர். எல்லோர்க்கும் அது வாய்க்காது.

வயது மட்டுமே விடையாகாது என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது. முதியவரின் உடல்வலு, நோயின் நிலை இவற்றோடு அவரது விருப்பத்தையும், அவர் தெளிவாக இருக்கும்போதே கேட்டறிதல் நம் கடமை. பலநேரங்களில் நாம் கேட்க மறப்பது அந்த ஒன்றைத்தான்.