சான்றை விசாரிக்கக் கற்ற மாணவர்கள்

ஒரு நூல் சொல்லும் செய்தியை அப்படியே ஏற்காமல், அதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், யாரிடமிருந்து அறிந்தார் என்று விசாரிக்கும் பயிற்சி வரலாற்று மாணவருக்கு முறையாகக் கிடைத்தது 19ஆம் நூற்றாண்டில்தான். சான்றுகளைச் சோதித்தவர்கள் அதற்கு முன்பும் உண்டு. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தம் மேற்கு நாடுகளைப் போப்புக்கு எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட சாசனம் போலி என்பதை, 1440இல் லொரென்சோ வல்லா அதன் லத்தீன் நடையைக் கொண்டே காட்டினார். ஆனால் அது தனி ஓர் அறிஞரின் சாதனை. பல்கலைக்கழகத்து மாணவரோ ஆசிரியரின் சொற்பொழிவைக் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

மாற்றம் ஜெர்மனியில் தொடங்கியது. பள்ளி ஆசிரியர்களை உருவாக்க 18ஆம் நூற்றாண்டிலேயே கோட்டிங்கன், ஹாலே பல்கலைக்கழகங்களில் கிரேக்க, லத்தீன் செமினார்கள் நடந்தன. மாணவர் ஒரு பனுவலுக்கு விளக்கம் சொல்வார்; மற்றவர்கள் மறுப்பார்கள். லைப்சிக்கில் இத்தகைய மொழிப்பயிற்சி பெற்ற லியோபோல்ட் ராங்கே அந்த முறையை வரலாற்றுக்குக் கொண்டுவந்தார்.

பள்ளி ஆசிரியராக இருந்தபோது, 1824இல், ராங்கே வெளியிட்ட முதல் நூலின் இணைப்பு பழைய வரலாற்றாசிரியர்களை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றியது. கண்கண்ட சாட்சி என்று மதிக்கப்பட்ட இத்தாலியர் குவிச்சார்தினி, பல பகுதிகளைப் பிறர் நூல்களிலிருந்து எடுத்தாண்டிருக்கிறார் என்று அது காட்டியது. மறு ஆண்டே ராங்கேக்குப் பெர்லின் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. குவிச்சார்தினி ஃபிளாரன்ஸ் அரசின் ஆவணங்களையும் பயன்படுத்தியவர் என்பது பின்னாளில் தெளிவாகி, ராங்கேயின் தீர்ப்பு மிகக் கடுமையானது என்று ஆயிற்று. சான்றை விசாரித்தவரின் முடிவும் விசாரணைக்கு உட்பட்டது. அந்த முறையின் நேர்மை இதில்தான் இருக்கிறது.

பெர்லினில் ராங்கே தேர்ந்தெடுத்த சில மாணவர்களைத் தம் வீட்டில் கூட்டிப் பயிற்சி நடத்தினார். ஒருவர் கட்டுரை படிப்பார். மற்றவர்கள் ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள். பத்தாம் நூற்றாண்டுச் சாக்சன் அரசர்களின் வரலாற்றை மாணவர்கள் பங்கிட்டு எழுதினர். 1837 முதல் அவை நூல்களாக வந்தன. அந்தக் காலத்துக்கு முதன்மையான சான்று கோர்வே மடத்துத் துறவி விடுகிண்ட் எழுதிய வரலாறு. அடுத்த நூற்றாண்டில் எழுதிய தீட்மாரும் பல இடங்களில் அவரோடு ஒத்துப்போகிறார். அப்படியானால் இரண்டு சாட்சிகள் என்றுதான் தோன்றும். ஆனால் தீட்மார் விடுகிண்டைப் படித்து எடுத்தெழுதியவர். அவ்விடங்களில் இருவரும் சேர்ந்து ஒரே சாட்சிதான். எத்தனை நூல்கள் சொல்கின்றன என்று எண்ணுவதை விட்டு, எது எதிலிருந்து பிறந்தது என்று தேட இந்த மாணவர்கள் கற்றார்கள்.

அந்தக் கல்விக்கு விரைவிலேயே ஒரு சோதனை வந்தது. அதே கோர்வே மடத்தின் பழைய குறிப்பேடு என்ற பெயரில் ஒரு நூல் அறிஞர்களிடையே நடமாடிக்கொண்டிருந்தது. ராங்கேயின் மாணவர்களான சீக்ஃபிரீட் ஹிர்ஷ், கியோர்க் வைட்ஸ் ஆகிய இருவரும் அதை ஆராய்ந்து, பிற்காலத்தில் புனையப்பட்ட போலி என்று 1839இல் நிறுவினார்கள். அப்போது இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை.

வைட்ஸ் பிறகு கோட்டிங்கனில் நடத்திய செமினாருக்கு வெளிநாட்டினரும் வந்தனர். அங்கே பயின்ற கப்ரியேல் மோனோ, 1868இல் பாரிஸில் தொடங்கிய உயர் ஆய்வுப் பள்ளியில் அதே முறையில் கற்பித்தார். அமெரிக்காவில் 1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் இவ்வழியைப் பின்பற்றியது. 1898இல் லாங்ளுவா, செஞ்ஞொபோஸ் எழுதிய பாடநூல் விசாரணையை இரு படியாக விளக்கியது: ஆவணம் உண்மையானதா, எங்கிருந்து வந்தது என்பது புற ஆய்வு, எழுதியவர் அறிந்திருக்க முடியுமா, பொய் சொல்லக் காரணம் இருந்ததா என்பது அக ஆய்வு.

குறைகளும் இருந்தன. அரசு ஆவணங்களுக்குக் கிடைத்த மதிப்பு உழவருக்கும் தொழிலாளருக்கும் கிடைக்கவில்லை. வெனிஸ் தூதர்களின் அறிக்கைகளை ராங்கேயே அளவுக்கு மீறி நம்பினார். பிரஷ்யாவில் பெண்கள் முறையான மாணவராகச் சேர 1908 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த ஆய்வுமுறை சென்னைக்கும் வந்தது. பல்கலைக்கழகத்தில் 1929 முதல் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, தென்னிந்திய வரலாற்றின் சிக்கல்களை முன்வைத்து ஆய்வுமுறை பற்றித் தனி நூலே எழுதினார். இங்கே சான்றுகள் பெரும்பாலும் கல்லிலும் செம்பிலும் உள்ளவை. சோழர் கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மெய்க்கீர்த்தி அரசனின் புகழ். அதில் சொல்லப்படும் வெற்றிகளை வேறு சான்றுகளோடு ஒப்பிட வேண்டும். பின்னால் வரும் நிலக் கொடை, எல்லை, வரி விவரங்கள் ஊரார் அன்றாடம் கையாண்டவை. அவற்றின் நம்பகம் வேறு வகையானது. கோயிலைப் புதுப்பித்தபோது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுக்கல்லில் வெட்டியதும் உண்டு. அத்தகைய கல்லில் அரசன் ஒரு நூற்றாண்டைச் சேர்ந்தவனாகவும் எழுத்து வடிவம் மற்றொரு நூற்றாண்டைச் சேர்ந்ததாகவும் இருக்கும். எழுத்தை மட்டும் பார்த்துக் காலம் கணிப்பவர் அங்கே தவறிவிடுவார்.