ரேடியோ நெல்லிலிருந்து கண்ணாடி இழை வரை



சாமல்பட்டி ரயில் நிலையத்தில் இறங்கி, பக்கத்தில் ஒரு தக்காளித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். இலையெல்லாம் வெள்ளைக் கோடுகள். படம் பிடித்துப் பூச்சியியல் நிபுணருக்கு அனுப்பலாம் என்று பார்த்தால், கைபேசியில் வட்டம் சுற்றுது, சுற்றிக்கிட்டே இருக்குது. படம் போகவில்லை. "ஏன் சார், ரோட்டுக்குப் போனாத்தான் போகுமா?" என்று கேட்டார் தோட்டக்காரப் பெரியவர். ரோட்டுக்கு வந்துதான் அனுப்பினேன். அவர் கேட்ட கேள்வி பழைய கேள்வி. சேதி ஊர் வரைக்கும் வந்துவிடும். வரப்பு வரைக்கும் வருமா என்பதுதான் எப்போதும் சிக்கல்.

1966-ல் திருச்சி வானொலியில் விவசாய ஒலிபரப்புப் பிரிவு தொடங்கியது. அந்தக் காலத்தில்தான் குறுவைக்கு ஏற்ற ஆடுதுறை 27 என்ற நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியது. வானொலியில் கேட்டுக் கேட்டே விதை வாங்கியதால், ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஊருக்கு நாலு பெட்டி இருந்தாலும் கேட்டவர் கேட்காதவருக்குச் சொன்னார். கிராம சேவக் நேரில் வந்து சந்தேகம் தீர்த்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து புதுச்சேரிக்கு வாருங்கள். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து, சுற்றியுள்ள கிராமங்களில் கம்ப்யூட்டர் வைத்த தகவல் நிலையங்களைத் தொடங்கியது. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அலை உயரம் பற்றிய சேதியை இணையத்தில் எடுத்து ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். நல்லவாடு என்ற மீனவர் ஊரின் கதை இன்னும் பெரிது. 2004 டிசம்பர் 26-ந் தேதி காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் ஆள் ஒருவர் டி.வி.யில் சுனாமி சேதியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். தகவல் நிலையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே கரையை விட்டு ஓடித் தப்பியது. சேதி வந்தது டெலிபோனில்தான். அதை ஊருக்குக் கொடுத்தது ஒரு குழாய் ஸ்பீக்கர்.

மதுரைப் பக்கம் மேலூர் வட்டாரத்தில் 2001-ல் இன்னொரு முயற்சி. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருந்தார்கள். கோபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் வரை டெலிபோனும் இணையமும் போகும். வேகம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைக்கு ஒரு படம்கூட நிம்மதியாகப் போகாது. அதை வைத்துக்கொண்டே கிராமத்து நிலையங்களிலிருந்து கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆனால் சில வருஷத்துக்குள் பல நிலையங்கள் மூடிப்போயின. வருமானம் கட்டவில்லை, ரிப்பேருக்கு ஆள் கிடைக்கவில்லை. நடத்தியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்போது வந்திருப்பது கண்ணாடி இழை. தலைமுடி மாதிரி மெல்லிய இழைக்குள் ஒளி ஓடுகிறது. அந்த ஒளியின் துடிப்புதான் சேதி. எல்லா ஊராட்சிகளுக்கும் இதைக் கொண்டுபோக மத்திய அரசு 2011-ல் திட்டம் போட்டது. பிற்பாடு அதற்கு பாரத்நெட் என்று பெயர். தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம், 12,525 ஊராட்சிகளுக்கும் விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் இணைப்புத் தர 2022-ல் பணியைத் தொடங்கியது. பெரும்பகுதி மின்கம்பங்கள் மேலேயே இழுக்கிறார்கள். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டமும் இதில் சேர்ந்ததே.

ஆனால் இணைப்பு ஊராட்சியோடு நின்றுவிட்டால் போதாது. ஏரித் தண்ணீர் மதகோடு நின்றால் பயிர் நனையுமா? வாய்க்கால் வெட்ட வேண்டியது யார்? பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், கூட்டுறவுச் சங்கம் இவற்றுக்கு அந்த இழையிலிருந்து கிளை வந்ததா? பெட்டி வைத்த அறை திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா? கெட்டுப்போனால் யாரிடம் சொல்ல வேண்டும்? கிராம சபைக்குப் போகிறபோது இதை எழுத்தில் கேளுங்க, பதிலைத் தீர்மான நோட்டில் ஏற்றச் சொல்லுங்க.

அந்தத் தக்காளிக்கு நிபுணரின் பதில் அன்றைக்குச் சாயங்காலமே வந்தது. இலைக்குள் புழு குடைந்த தடம் அது; தாக்கிய இலைகளை உடனே பறித்து அழிக்கச் சொன்னார். மறுபடியும் தோட்டத்துக்கு நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.